களத்தில் யாரும் இல்லை

“கேம் ஆடுறதுக்கு உனக்குச் சம்பளமா?” என்று உங்களையும் இதற்குள் யாராவது கேட்டிருப்பார்கள். என்னைக் கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்டிருக்கிறார்கள், மாமியார் காரியத்தன்றுகூட ஒருவர் கேட்டார். முதலில் சிரித்து மழுப்பினேன். பிறகு கோபப்பட ஆரம்பித்தேன். ஒரே உதையைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நானூறு தரம் உதைத்துப் பார்த்து, நானூற்றொன்றாவது தரம் அது தவறுகிறதா என்று கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பேர் விளையாட்டு என்றால், கல்யாணச் சமையல்காரர் தினமும் விருந்து சாப்பிடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். உற்சாகம் என்னிடம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. அதில் பெரிய பங்கு என் மேலேயே எனக்கு. அதை எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேம்களில் குறை தேடும் இந்த டெஸ்டிங் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் போன் போட்டுத் திட்டுவார். குறையைப் பற்றி எழுதும் ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருந்தால் போதும் என்பார். என்ன பார்த்தாய், அதைத் திரும்ப எப்படி வரவைப்பது, எத்தனை தரம் வருகிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை.

நான் குழுவுக்கு லீட் ஆன அன்று இன்னொன்றும் சொன்னார்.

“ரிப்போர்ட்ட படிக்கறப்ப எழுதனவங்க பேர கையால மூடிகினு படிங்கக்கா. பேரப் பாத்துட்டீங்கன்னா ஆளத்தான் படிப்பீங்க, ரிப்போர்ட்ட படிக்க மாட்டீங்க.”

நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று டைரியில் எழுதி வைத்தேன். டைரியில் எழுதி வைத்தாலே கடைப்பிடித்தது போல என்று நினைக்கிற ரகம் நான்.

இனி அந்த கேம். அதன் பேரைச் சொல்ல ஒப்பந்தம் விடாது. காலங்காலமாகப் போட்டியில் இருந்த இரண்டு கம்பெனிகளின் சண்டை வீரர்கள் எல்லாரையும் ஒரே கேமுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். ரசிகர்களுக்கு அது, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகள் சம்பந்தம் பண்ணிக்கொண்ட மாதிரி. பக்கத்துக்கு இரண்டு வீரர்கள். ஒருவர் களத்தில் அடித்துக்கொண்டிருப்பார், ஒருவர் வெளியே காத்திருப்பார். உள்ளே இருப்பவர் களைத்தால் வெளியே இருப்பவர் வந்து நிற்க வேண்டும். இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு வீரரை எடுத்துக்கொண்டு ஜோடியாக ஆடலாம், அதுதான் இந்த கேமின் பெருமை. இடம் மாற்றுவதற்கு ஒரு பட்டன். அதை உள்ளே இருப்பவரும் அழுத்தலாம், வெளியே இருப்பவரும் அழுத்தலாம். எல்லா வினையும் அந்தப் பட்டனில்தான்.

முத்தியால்பேட்டையில் கீழே இரும்புக் கடை, மேல் மாடியில் நாங்கள். ஜோடி ஜோடியாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்து ஆடினோம். முதல் வாரம் திரையில் நடந்ததைவிடப் பெஞ்சில்தான் சண்டை அதிகம். “நான் அடிக்கப் போறப்ப நீ ஏன்டா மாத்தன?” “நீ அடி வாங்கிகினு இருந்த, அதான் மாத்தனேன்.” பெரிய மார்க்கெட் மீன் பக்கம் காலையில் போனால் கேட்கும் இரைச்சல் எங்களிடம் தோற்றது.

அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். களத்தில் இருப்பவர் “வா” என்று குரல் கொடுக்க வேண்டும். அது கேட்ட பிறகு வெளியே இருப்பவர் “வந்துட்டேன்” என்று சொல்லிப் பட்டனை அழுத்த வேண்டும். “வா” இல்லாமல் யாராவது அழுத்தினால் அன்று மொத்த பெஞ்சுக்கும் டீயும் வடையும் அவர் பொறுப்பு. வடைக்குப் பயந்தே சண்டை நின்றுபோனது. மாடி முழுக்க “வா”, “வந்துட்டேன்” என்று ஒரே உபசாரம். மேலே யாரை இவ்வளவு பாசமாகக் கூப்பிடுகிறீர்கள் என்று இரும்புக் கடைக்காரர் கேட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் மாடியில் உள்ளே இருப்பவர் அந்தப் பட்டனைத் தொடுவதே இல்லை. இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்துவது என்பது எங்கள் உலகத்திலேயே இல்லாமல் போயிற்று.

கலைவாணிக்கு மட்டும் இருந்தது.

கலைவாணி பிள்ளைச்சாவடிப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அவளுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. கருவி வைத்திருந்தாள், ஆனால் எங்கள் கூச்சலில் அது வீலென்று கத்தும், கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்து எல்லாம் புரிந்துகொள்வாள். அவள் பேச்சு உரக்க இருக்கும், ரகசியம் சொன்னால் தெருக்கோடிக்குக் கேட்கும். கண்ணோ, மாடியில் அவளை அடிக்க ஆள் இல்லை. அவளுக்கு ஜோடி முருகவேல், எங்கள் தெருப் பையன். திரையைப் பார்த்துக்கொண்டு ஆடும்போது அவன் சொல்லும் “வா” அவளுக்கு எப்படிக் கேட்கும்? அவளுக்குத் தோன்றியபோது அவள் அழுத்தினாள். கூப்பிட்டும் காணோமே என்று அவனும் அழுத்தினான்.

அன்று அவள் எழுதிய ரிப்போர்ட் எனக்கு இன்றும் மனப்பாடம். “உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் இரண்டு வீரர்களும் வெளியே போய்விடுகிறார்கள். களத்தில் யாரும் இல்லை. எதிராளி தொடாமலே ஆட்டம் தோற்கிறது. ஒரே நொடியில் அழுத்தினால் ஒவ்வொரு முறையும் வருகிறது.”

இதைவிட நன்றாக ஒரு ரிப்போர்ட் எழுத முடியாது. நான் என்ன செய்தேன்? மேலே இருந்த பேரைப் படித்தேன். முருகவேலைக் கூப்பிட்டேன்.

“நீ ‘வா’ன்னு சொன்னியாடா?”

“சொன்னேன்க்கா. அவளுக்குக் கேக்கல.”

அவ்வளவுதான் என் விசாரணை. “சோதிப்பவர்களுக்குள் ஒருங்கிணைப்புக் குறைவு. விளையாட்டில் குறை இல்லை” என்று காரணம் எழுதி ரிப்போர்ட்டை மூடினேன். மூடிவிட்டால் அப்புறம் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பாவம், அவளுக்கு எதற்குச் சிரமம் என்று, தனி ஆள் ஆடும் பிரிவுக்கு அவளை மாற்றியும் விட்டேன். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள் எனக்கு!

மறுநாள் அவள் என் மேசை முன் வந்து நின்றாள்.

“அக்கா, எனக்குக் காது கேக்காது. சரி. கடையில வாங்கி ஆடறவனுக்குப் பக்கத்துலயே ஆள் உக்காந்துகினு ‘வா’ன்னு சொல்லுமா? அவன் ஒரு ஊர்ல இருப்பான், கூட்டாளி ஒரு ஊர்ல இருப்பான். அவனுக்கு மட்டும் கேக்குமா?”

மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது, அவள் கேட்ட கேள்வி இல்லை.

“பாக்கலாம்மா,” என்றேன். நம் ஊரில் “பாக்கலாம்” என்றால் பார்க்க மாட்டேன் என்று பொருள், உங்களுக்குத் தெரியாததா?

அவள் இன்னும் இரண்டு தரம் அதே ரிப்போர்ட்டை எழுதினாள். இரண்டாவதை முதல் வரி படித்ததோடு மூடினேன். மூன்றாவதைப் படிக்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து கேம் வெளிவந்தது. முதல் இரண்டு நாள் ஒரே புகழ்ச்சி. எதிரிகள் தோளோடு தோள் நிற்கும் அழகைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள்கூட உண்டு. வெளியீட்டுக்கு முன்பே ஆடிப் பார்த்த விமர்சகர்கள் வாரி வழங்கியிருந்தார்கள். அவர்களை அழைத்து, ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஆடச் சொல்லியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் ஆள் இருந்தால் யாரும் ‘வா’ என்றுதான் சொல்வார்கள், எந்த மொழியாக இருந்தால் என்ன.

மூன்றாம் நாள் ஊருக்கு ஊர் நண்பர்கள் ஆன்லைனில் ஜோடி சேர்ந்தார்கள். யாருக்கும் யார் குரலும் கேட்கவில்லை. உலகம் முழுக்கக் காலிக் களம். வீரர்கள் இல்லாத வெறும் மேடைப் படங்களைப் போட்டுக் கேலி செய்தார்கள். ஒரு ஆள் தன் கன்ட்ரோலரைச் சுவரில் அடித்து உடைக்கிற வீடியோவை முருகவேல் எனக்குக் காட்டினான். இந்தக் கம்பெனி ரசிகர்கள் அந்தக் கம்பெனியைத் திட்டினார்கள், அவர்கள் இவர்களைத் திட்டினார்கள். புகழ்ந்த விமர்சகர்கள், தாங்கள் புகழ்ந்ததே இல்லை என்பது போல மறுபடி எழுதினார்கள். சோபாவில் உட்கார்ந்து அவர்களும்தான் கோட்டைவிட்டார்கள், அவர்களைக் கேட்க ஒரு நாதி இல்லை! கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். மலிவான நாட்டில் மலிவான ஆட்களை வைத்துச் சோதித்தால் இப்படித்தான் என்று எழுதினார்கள். படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாங்கள் மலிவு இல்லை. எங்களில் ஒருத்தி கண்டுபிடித்திருந்தாள். மூடியது நான்.

அடுத்த வாரம் கிளையன்டோடு, அதாவது கேமை எங்களிடம் சோதிக்கக் கொடுத்த பிரெஞ்சுக் கம்பெனியோடு, வீடியோ மீட்டிங் என்று தகவல் வந்தது. முதல் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல குடும்பம், நல்ல பிரெஞ்சு. அந்த கான்ட்ராக்டே அவர் பிரெஞ்சுக்காகத்தான் எங்களுக்கு வந்தது.

“அவங்களுக்கு ஒரு பேர் வேணும் மேடம். ஆரம்பத்துல போட்ட ஜோடி ஆட்டம் லிஸ்ட்ல முதல் பேர் அந்தக் கலைவாணி. காது கேக்காத பொண்ணு, அதான் கவனிக்கலன்னு சொல்லிட்டா அவங்களே பெருசா எடுத்துக்க மாட்டாங்க. மனிதாபிமானம் உள்ளவங்க.”

“அவளுக்கு வேலை?”

“நாமளே ஒரு நல்ல லெட்டர் குடுத்து அனுப்பலாம்.”

“அவ எழுதியிருக்கா சார். மூணு தரம் எழுதியிருக்கா.”

“மூடின ரிப்போர்ட் கிளையன்டுக்குப் போகாதே மேடம்.” குரலைத் தாழ்த்தினார். “யார் மூடினாங்கன்னு நான் கேக்கவே இல்லையே.”

ஓய்வுக்கு எனக்கு இரண்டு வருஷம் இருந்தது. பையன் காலேஜில் இருந்தான். எந்தக் காது கேட்காததால் அவள் அந்தக் குறையைக் கண்டுபிடித்தாளோ, அந்தக் காதையே காரணமாகச் சொல்லி அவளை வெளியே அனுப்பப் பார்க்கிறார் இந்த மனுஷர். அந்த இடத்திலேயே மேசையைத் தட்டி எழுந்திருக்க வேண்டும், இல்லையா? நான் எழுந்திருக்கவில்லை. இதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொன்னால் நான் மனுஷியே இல்லை. நான் சொன்னது, “பாக்கலாம் சார்.”

மீட்டிங் அன்று திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த பெண்மணிதான் மேலதிகாரி. மேனேஜர் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். எனக்குப் புரியாது என்று நினைத்திருந்தார், ஏனென்றால் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் அப்பா வீட்டுத் தெருவில் பாதி, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகள். நானும் எட்டாவது வரை கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தவள். பேச வராது, காதில் விழுந்தால் புரியும்.

பேச்சு நடுவே அவர் “சூர்த்” என்றார். செவிடி என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் தன் காதை விரலால் தொட்டும் காட்டினார். திரையில் இருந்த பெண்மணி புருவத்தைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, அடடா பாவம் என்று ஒரு முகம் காட்டினார். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். ரிப்போர்ட்டை மூடிய அன்று நான் வைத்திருந்த முகம் அது.

“நோன்!” என்று கத்தினேன். எட்டு வருஷம் படித்த பிரெஞ்சில் அந்த ஒரு சொல்தான் அன்று வாயில் வந்தது. மிச்சத்தை என் ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு நிமிஷம் பொறுங்கள், அந்தப் பெண்ணையே கூட்டி வருகிறேன் என்று எழுந்தேன்.

“மேடம், எங்க போறீங்க? உக்காருங்க.”

உட்காரவில்லை. கலைவாணி தனி ஆள் பிரிவில் கடைசிப் பெஞ்சில் இருந்தாள். அவள் எதிரே போய் நின்றேன்.

“உன் ரிப்போர்ட்ட காட்டணும். என்கூட ஆடு. நான் ‘வா’ சொல்ல மாட்டேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப அழுத்து.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கேமராவைக் கேம் ஓடும் திரைப் பக்கம் திருப்பி வைத்து ஆடினோம். என் வீரன் அடி வாங்கினான். நான் அழுத்தினேன், அவள் ஒரு கணம் பிந்தினாள், ஒழுங்காக மாறிவிட்டது. இரண்டாவது தரம் அவள் முந்தினாள், மறுபடி ஒழுங்காக மாறிவிட்டது. மேனேஜர் இருமினார். இத்தனை மாதம் இல்லை என்று சாதித்த குறை, தயவுசெய்து வா என்று நான் கும்பிடுகிற நிலைமை! மூன்றாவது தரம் இரண்டு பேரும் ஒன்றாக அழுத்தினோம். இரண்டு வீரர்களும் மறைந்தார்கள். எதிராளி வெறும் காற்றின் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தோல்வி என்று எழுத்து வந்தது.



இது எப்போதிலிருந்து தெரியும் என்று அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார். கலைவாணியின் முதல் ரிப்போர்ட்டைத் தேதியோடு வாசித்தேன், பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை. மூன்றாவதை நான் முழுசாகப் படித்தது அப்போதுதான். மூடியது யார் என்று கேட்டார். கலைவாணி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்,” என்றேன். அவளுக்குப் புரியட்டும் என்று தமிழிலும் சொன்னேன்.

அவள் வேலை தப்பியது. எனக்கு மெமோ வந்தது, லீட் பொறுப்பு போயிற்று. அதற்காக நான் அழவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். மற்றதுதான் வயிற்றெரிச்சல். அவள் எழுதிய வரிகளை வைத்து மூன்றே வாரத்தில் குறையைச் சரிசெய்தார்கள். சரிசெய்த அறிவிப்பில், இதைக் கண்டுபிடித்த ரசிகர்களுக்கு நன்றி என்று போட்டார்கள். ரசிகர்களாம்! அவர்கள் கண்டுபிடிப்பதற்கு நாலு மாதம் முன்னால் பிள்ளைச்சாவடிக்காரி ஒருத்தி கண்டுபிடித்து, மூன்று தரம் எழுதி, மூன்று தரம் வாயடைக்கப்பட்டிருந்தாள். ஒரு வரி இல்லை. கேமுக்கு விழுந்த கெட்ட பேரும் கடைசிவரை போகவில்லை. இரண்டாம் பாகம் வரும் என்ற பேச்சு அப்படியே அடங்கிவிட்டது.

நேற்று உங்களுக்குப் பயிற்சியில் ‘மௌனச் சுற்று’ என்று ஒன்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஜோடியைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, வாயைத் திறக்காமல் ஆட வேண்டும். நிர்வாகத்தின் புதுமையான முயற்சி என்று உங்களுக்குக் கொடுத்த தாளில் அச்சடித்திருக்கிறது. மேனேஜர் அதற்குச் சால்வைகூட வாங்கிக்கொண்டார். பேனா இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கலைவாணி என்று எழுதுங்கள். அவள் இங்கேதான் இருக்கிறாள், இப்போது அவள் லீட். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், முன்னால் போய் நின்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. மீட்டிங் முடிந்த அன்றே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் வழக்கமான குரலில், மாடிக்கே கேட்கும்படி, “சாரி எல்லாம் வேணாம்க்கா. அந்த ரிப்போர்ட்ட தொறந்துடுங்க,” என்றாள். நான் திறப்பதற்குள் லீட் பொறுப்பைப் பிடுங்கிவிட்டார்கள், திறக்கும் அதிகாரமும் அதோடு போயிற்று. முடிந்த விஷயத்தை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று மேனேஜர் இரண்டு வருஷம் தட்டிக் கழித்தார். விளையாட்டில் குறை இல்லை என்ற என் வரி, அத்தனை நாளும் அவள் பேருக்குக் கீழே அப்படியே கிடந்தது.

ஓய்வு பெறும் நாளில், மாலை வேண்டாம், பரிசு வேண்டாம், அதைத் திறந்து கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். திறந்து கொடுத்தார்கள். என் வரியை அடித்துவிட்டு எழுதினேன்: “குறை விளையாட்டில் இருந்தது. அதைவிடப் பெரிய குறை மூடியவளிடம் இருந்தது. கலைவாணி பார்த்தது சரி.” எழுதி முடித்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் இரண்டு தரம் படித்தாள்.

“அக்கா, பெரிய குறைன்னு எழுதியிருக்கீங்க. அத திரும்ப எப்படி வரவைக்கறதுன்னு எழுதலயே. எத்தன தரம் வருதுன்னும் இல்ல.”

சரிதான். அவள் சொன்னால் சரிதான். உட்கார்ந்து எழுதினேன். அந்த ரிப்போர்ட் இன்னும் திறந்தே இருக்கிறது, நீங்களே போய்ப் பார்க்கலாம்.

“எழுதியவர் பேரை முதலில் படிக்கவும். அவருக்காகப் பாவப்படவும். ‘பாக்கலாம்’ என்று சொல்லவும். ஒவ்வொரு முறையும் வரும்.”